பிள்ளை யார் பொறுப்பு? பென்னாகரத்துத் தகப்பன் ஒருவரின் கேள்விக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்களும் வீட்டம்மாவும் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறீர்கள். எட்டாவது படிக்கும் பையனும் ஐந்தாவது படிக்கும் பெண்ணும் பென்னாகரம் பக்கத்து ஊரில் ஆயாவிடம், அதாவது உங்கள் அம்மாவிடம், வளர்கிறார்கள். பையன் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் மட்டம் போடுகிறான். ஆசிரியரைக் கேட்டால் "அப்பா அம்மா கூட இல்லாத பிள்ளைய நாங்க என்ன பண்றது" என்கிறார். ஊரில் கேட்டால் "வாத்தியாரு சம்பளம் வாங்கறாரு இல்ல" என்கிறார்கள். இதில் யார் பொறுப்பு, பேசாமல் பிள்ளைகளைப் பெங்களூருக்கே கூட்டிப்போய்விடலாமா என்பது உங்கள் கேள்வி.

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தருமபுரியிலும் பிறகு கிருஷ்ணகிரிப் பக்கமும் வேலை பார்த்தேன். இந்தக் கேள்வியை இரண்டு மாவட்டத்திலும் கேட்டிருக்கிறேன். ஊர்ப்பெயர்தான் மாறும்.

யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் மூன்று தரப்புக்கும் தனித்தனியாக வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறது. 10ஆம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. 24ஆம் பிரிவு, பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, படிப்பு, முன்னேற்றம் பற்றிச் சொல்வது ஆசிரியர் கடமை என்கிறது. 9ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் இருக்கும் 14 வயது வரையான பிள்ளைகளின் பதிவேட்டை வைத்துக்கொள்வதும், பிழைப்புக்கு இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் உள்ளாட்சியின் கடமை என்கிறது. போதாததற்கு 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றை வைத்து, அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ஆகவே "நாங்க என்ன பண்றது" என்ற ஆசிரியரின் பதிலும் சரியில்லை, ஊர்க்காரர்களின் பதிலும் சரியில்லை. சேர்த்துவிட்டேன், பணம் அனுப்புகிறேன், என் பங்கு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரியில்லை.

ஆனால் சட்டப் பிரிவைக் காட்டி யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பழியைத் தப்பான இடத்தில் போடுவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பல்லில் காவி படிந்திருந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். பல் தேய்க்காமல் வருகிறான் என்று வாத்தியார் பிள்ளையைத் திட்டுவார். வாத்தியார் திட்டினார் என்று தாய் சாம்பலும் செங்கல்தூளும் வைத்து ஈறு கிழியத் தேய்த்துவிடுவாள். கோளாறு போர் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடில். அந்த வீட்டில் எத்தனை ஒழுக்கம் இருந்தாலும், பள்ளியில் எத்தனை கண்டிப்பு இருந்தாலும் தீராத சங்கதி அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகுதான் பல ஊருக்கு வேறு தண்ணீரே கிடைத்தது. பிள்ளை சம்பந்தப்பட்ட ஒரு குறையைப் பார்த்தால் இது வீட்டில் தீருமா, பள்ளியில் தீருமா, ஊர் சேர்ந்தால்தான் தீருமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்த்தவரை நம் பக்கத்தில் பிள்ளைகள் தவறிப்போவது வீட்டிலும் இல்லை, வகுப்பறையிலும் இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற இடத்தில் தவறுகிறார்கள். காலை எட்டரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி ஒன்பதே காலுக்குப் பள்ளிக்குள் நுழைகிற வரை உங்கள் பையன் யார் கணக்கு? பள்ளிக்கூடம் போய்விட்டான் என்று ஆயா நினைப்பார், வீட்டில் இருக்கிறான் என்று ஆசிரியர் நினைப்பார். மாலை பள்ளி விட்டதிலிருந்து இருட்டுகிற வரை யார் கணக்கு? மே மாதம் முழுக்க யார் கணக்கு? கிருஷ்ணகிரிப் பக்கம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மாங்காய் சீசனில் மரம் ஏறப் போகிற பையன் கையில் முதல்முறையாகக் காசு பார்க்கிறான். ஜூனில் பள்ளி திறக்கும்போது மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 'இன்னும் ஒரு வாரம்' என்று ஆரம்பித்து ஒன்பதாம் வகுப்பே போய்விடும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி பறிக்கிற நாளிலும் வருகைப் பதிவில் இதே கதைதான்.

கல்வித்துறையின் எமிஸ் கணினிப் பதிவில் 'காமன் பூல்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு பள்ளி மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் பிள்ளையின் பெயர் அந்தப் பள்ளியின் பட்டியலிலிருந்து கழன்று அதில் போய் விழும். அடுத்த பள்ளி அதிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஜூனிலும் ஜூலையிலும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழைப்பதுதான் எங்கள் வேலை. சில பெயர்கள் எடுக்க ஆளில்லாமல் அப்படியே கிடக்கும். ஐந்தாம் வகுப்பு முடித்த பள்ளி 'நாங்க அனுப்பிட்டோம்' என்று சொல்லும். ஆறாம் வகுப்புப் பள்ளி 'எங்ககிட்ட வரவே இல்ல' என்று சொல்லும். இரண்டும் உண்மையாகவே இருக்கும். தேடிப் போனால் அந்தப் பெயருக்குரிய பெண் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பாள்.

உங்கள் மகள் அடுத்த வருஷம் இந்த இடத்துக்குத்தான் வருகிறாள், அதனால் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பில் மதியச் சாப்பாடு உண்டு, காலைச் சாப்பாடு கிடையாது. பள்ளியும் தூரமாகிவிடும். விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் வரும். அதுவரை பஸ் பாஸ்தான், பஸ் வருகிற ஊராக இருந்தால். ஆக, ஒரே ஜூன் மாதத்தில் பத்து வயதுப் பெண்ணுக்குச் சாப்பாடு, தூரம், வாத்தியார், கூட்டாளிகள் எல்லாம் மாறும். உங்கள் அம்மா ஏழு மணிக்குள் களியோ சோறோ ஆக்கியாக வேண்டும். முதுகுவலி உள்ள கிழவியால் அது தினமும் முடியுமா என்று நீங்கள் இப்போதே யோசிக்க வேண்டும். 'பெற்றோர் கவனம்' என்று கூட்டங்களில் பெரிதாகப் பேசுவதன் அடியில் இருப்பது இந்தக் காலை ஏழு மணி அடுப்புதான்.

அடுத்தது போன் நம்பர். சிரிக்காதீர்கள். வருகைப் பதிவு இப்போது செயலியில் போகிறது, பிள்ளையின் விவரத்தோடு ஒரு கைபேசி எண் சேர்ந்திருக்கும். அது யாருடைய எண்? பல பிள்ளைகளுக்கு அது சேர்க்கையின்போது கூட வந்த சித்தப்பாவுடையது, அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன பழைய சிம். பெற்றோர் எண்ணை ஓடிபி வாங்கிச் சரிபார்க்க ஆசிரியர்கள் அலைந்தபோது, ஓடிபி சொன்னால் பேங்கு பணம் போய்விடும் என்று பயந்து பாதிப் பேர் சொல்லவில்லை. பயத்திலும் நியாயம் உண்டு. ஆனால் பையன் வராத நாளில் ஆசிரியர் அழைக்க நினைத்தாலும் மணி எங்கோ அடித்துக்கொண்டிருந்தால் அவர்மேல் என்ன சொல்ல முடியும்? இந்த முறை ஊருக்கு வரும்போது பள்ளிக்குப் போய், பதிவில் இருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் எண்ணும் வீட்டம்மா எண்ணும் இருக்கட்டும். வகுப்பாசிரியர் எண்ணை நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், மாலையில், "சார், பையன் இந்த வாரம் எத்தனை நாள் வந்தான்?" என்று ஒரே கேள்வி போதும். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தால் ஆசிரியரும் பார்த்து வைப்பார், பையனும் பார்த்து நடப்பான்.

இப்போது மேலாண்மைக் குழு. கூட்டம் வழக்கமாக வேலை நாளில் மதியத்துக்கு மேல் நடக்கும். அதில் உறுப்பினரான தாய்மார்களில் பலர் அந்த நேரத்தில் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். அங்கே வருகைக்காக மதியமும் ஒரு போட்டோ எடுத்தால்தான் அன்றைய கூலி. போட்டோவை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வா என்றால் எந்தத் தாய் வருவாள்? அதனால் என்ன நடக்கும் தெரியுமா? தீர்மான நோட்டை ஒரு பிள்ளை கையில் கொடுத்து ஏரிக்கரைக்கு அனுப்புவார்கள். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தாய்மார்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். நோட்டில் 'குடிநீர், கழிப்பறை, மாணவர் வருகை குறித்து விவாதிக்கப்பட்டது' என்று அழகாக இருக்கும். பாரூர்ப் பக்கம் ஒரு தலைமையாசிரியை இதற்கு ஒரு வழி செய்தார். முறையான கூட்டத்தை அந்த நாளிலேயே நடத்திக்கொண்டு, பேச வேண்டியதை மட்டும் அந்தி சாய்ந்தபின் மாரியம்மன் கோயில் திண்ணையில் வைத்தார். முதல் மாதம் ஆறேழு பெண்கள்தான். பேச்சு பாத்ரூம் தண்ணீரில் ஆரம்பித்தது, "அந்த வீட்டுப் பையன் பத்து நாளா வட்டிக்காரன் கொல்லையில மாடு மேய்க்கறான், உங்க நோட்டுல என்னன்னு இருக்கு?" என்பதில் முடிந்தது. அந்தச் செய்தி பள்ளிக்கு வேறு எந்த வழியிலும் வந்திருக்காது.

ஊரில் இருப்பவர்களே மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021இல் வந்தபோது எனக்குப் பிடித்ததும் இதுதான். மாலையில் ஒன்றரை மணி நேரத்தில் எவ்வளவு பாடம் ஏறியது என்பதைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் சொல்லிக் கொடுத்த பெண் அதே தெருவில் இருப்பவள். எந்த வீட்டில் அப்பன் குடித்துவிட்டு வந்தான், எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்தது என்பது அவளுக்குத் தெரியும். நம் மலையோரப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் பெரும்பாலும் டவுனிலிருந்து வருகிறார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் ஊரின் மாலைப்பொழுதை அவர்கள் பார்ப்பதே இல்லை. தளி, வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னொரு கஷ்டம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைக்குத் தமிழ்ப் பாடத்தில் சந்தேகம் வந்தால் தாயால் உதவ முடியாது, 'வீட்டுப்பாடம் ஏன் செய்யல' என்ற அதட்டலில் பயனும் இல்லை. அங்கே தெருவில் படித்த பெண் ஒருத்தி இருந்தால் அவள்தான் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே பாலம்.

ஊரைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரும். பள்ளிக்கு ஊர் செய்கிற உதவி என்றால் மின்விசிறி, பீரோ, ஆண்டு விழாவுக்கு மைக்செட் என்று ஆகிவிட்டது. கொடுத்தவர் பெயர் விசிறி இறக்கையில் சுற்றிக்கொண்டிருக்கும். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊரால் மட்டுமே முடிகிற வேலைகள் வேறு. பள்ளி நாளில் பதின்மூன்று வயதுப் பையனைத் தக்காளிக்கூடை தூக்கக் கூப்பிடாமல் இருப்பது ஊர் வேலை. 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம் என்பது சட்டம். ஆனால் கூப்பிடுகிறவர் அந்தப் பையனுக்கு மாமன் முறை. அரசு 2013இல் தடை செய்த குட்கா வகையறாவைப் பெட்டிக்கடையில் பிள்ளைகளுக்கு விற்காமல் இருப்பது ஊர் வேலை. உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்கிற அந்தச் சின்னப் பொட்டலம் எட்டாம் வகுப்புப் பையன்களின் பையில் கிடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, யார் விற்கிறார் என்பது ஊர் முழுக்கத் தெரியும், தெரியாதது பள்ளிக்கு மட்டும். உங்கள் பையன் மட்டம் போடுகிற நாளில் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும், பாருங்கள்.

திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது ஒரு குடும்பம் விடாமல் எண்ணுகிறோம். பெங்களூரில், திருப்பூரில் இருப்பவனையும் போன் போட்டு வாங்கிவிடுகிறோம். அரசு பதிவேட்டைவிட அந்தக் கணக்கு சுத்தம். அதே கூட்டத்தில், அதே நோட்டின் பின்பக்கத்தில், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று எழுத ஐந்து நிமிஷம் ஆகாது. கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று காகிதத்தில் ஒன்று எல்லா ஊராட்சியிலும் உண்டு, தலைவர் ஊராட்சித் தலைவர்தான். 2025 ஜனவரியில் அவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்த பிறகு அந்தக் குழுவை நம்பி உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. கோயில் நோட்டு மேல்.

பெண் பிள்ளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. நம் பக்கத்தில் ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. குழந்தைத் திருமணம் இன்னும் நடக்கிற மாவட்டங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் உண்டு. அப்படிச் செய்து வைக்கிற பெற்றோர் எல்லோரும் கொடுமைக்காரர்கள் இல்லை. தாய் தகப்பன் பெங்களூரில், வயசுக்கு வந்த பெண் கிழவியோடு ஊரில், பள்ளி தூரத்தில், பஸ் ஸ்டாண்டில் பையன்கள் கூட்டம். ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்துக்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே பூட்டு தாலி. அந்தப் பயத்துக்கு வேறு வழி காட்டாமல் 2006ஆம் வருஷத்துச் சட்டத்தை மட்டும் வாசித்துக் காட்டினால், கல்யாணம் விடியற்காலையில் வேறு ஊர்க் கோயிலில் நடக்கும், அவ்வளவுதான்.

வேறு வழி இருக்கிறது. அரசு விடுதிகள் இருக்கின்றன, இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். இடைநின்ற பெண்களுக்குக் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. சித்தேரி போன்ற மலை ஊர்களில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேர்கிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1000 ரூபாய். எங்காவது கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலர் இருக்கிறார். அழைத்தவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். ஊரில் உறவைப் பகைத்துக்கொள்ள முடியாது என்கிறவர்கள் பள்ளித் தலைமையாசிரியர் காதில் போட்டால்கூடப் போதும். ஒரு பெண் தொடர்ந்து வரவில்லை, 'அத்தை ஊருக்குப் போயிருக்கா' என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றால், ஆசிரியர் 'ஆப்சென்ட்' போட்டுவிட்டு நகரக் கூடாது. மூன்று தரப்பில் முதல் அடி எடுத்து வைக்க வேண்டியது பள்ளிதான் என்பது என் கட்சி. பதிவேடு அதன் கையில் இருக்கிறது, சம்பளமும் அதற்குத்தான்.

பெங்களூருக்குக் கூட்டிப்போகலாமா? பையனை வேண்டாம். கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னடம் ஒரு மொழியாகக் கட்டாயம். எட்டாவதில் அந்த எழுத்தை அவன் முதலிலிருந்து பழக வேண்டும். சைட்டுக்கு சைட் நீங்கள் மாறுவீர்கள், அவனும் மாறுவான், கடைசியில் உங்களோடு சைட்டுக்கே வந்து நிற்பான். மேலே சொன்ன மாதம் 1000 ரூபாயும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இங்கே ஆறாவதிலிருந்து படித்தால்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது, அதற்குப் பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும். கடன் வாங்கித் தனியார் உறைவிடப் பள்ளியில் போடலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். ஃபீஸ் கட்டுவதும் பிள்ளையைக் கவனிப்பதும் ஒன்றாகிவிடாது, அங்கேயும் வாரத்துக்கு ஒரு போன் நீங்கள் போட்டுத்தான் ஆக வேண்டும்.

என் யோசனை, உங்கள் இரண்டு பேரில் ஒருவர் ஜூன், ஜூலை இரண்டு மாதம் ஊரில் இருங்கள். வருமானம் இடிக்கும், தெரிந்தேதான் சொல்கிறேன். மகள் ஆறாவதும் மகன் ஒன்பதாவதும் சேர்கிற மாதங்கள் அவை. மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்விடாதீர்கள், அதே வாரம் அடுத்த பள்ளியில் சேர்த்து, பெயர் ஏறிவிட்டதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். இந்த வருஷமே பையனை தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு எழுதச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பில் எழுதுவது, தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய், வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். விண்ணப்பம் பள்ளி மூலம்தான் போகும், அதனால் வகுப்பாசிரியரிடம் முதல் போனில் இதைக் கேளுங்கள். அவன் மட்டம் போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பிக்க உங்கள் இருவருக்கும் அது நல்ல சாக்கும்கூட.

மட்டம் போடுகிற நாள்கள் எவை என்று முதலில் பாருங்கள். சந்தை நாளா, கணக்குப் பரீட்சை நாளா, நீங்கள் ஊருக்கு வந்து திரும்பிப் போகிற திங்கட்கிழமையா? திங்கட்கிழமை என்றால் அவனுக்குக் கோளாறு படிப்பில் இல்லை, அடிக்காமல் உட்காரவைத்துப் பேசுங்கள். சந்தை நாள் என்றால் கூலி கொடுக்கிற ஆள் யாரென்று விசாரித்து, அவரிடமே நேராகப் போய்ச் சொல்லுங்கள். பரீட்சை நாள் என்றால் அது ஆசிரியர் வேலை. ஆறாம் வகுப்புக் கணக்கே அவனுக்குப் புரிந்திருக்காது, அதை அவரிடம் வெட்கப்படாமல் சொல்லி, மாலையில் அரை மணி நேரம் உட்கார வைக்க முடியுமா என்று கேளுங்கள்.